கரும்பலகையில் ஓம்

எங்கள் சரித்திர ஆசிரியர் வகுப்புக்குள் வந்ததும் முதல் வேலையாகச் சப்பாத்தைக் கழற்றி யன்னலோரத்துச் சூட்டுக்குழாயின் அடியில் காயவைப்பார். பிறகு தடித்த கம்பளிக் காலுறைகளோடு கரும்பலகைக்குப் போய் அன்றைய பாடத்தின் தலைப்பை எழுதுவார். தலைப்பு எப்போதும் இரண்டு சொல்தான். இரண்டாவது சொல் நாளுக்கு நாள் மாறும். முதற்சொல் மாறாது. ரோமன் எழுத்தில், பெரிதாக, ஓம்.

டேனிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பற்றி' என்று பொருள். தீவைப் பற்றி, சிப்பியைப் பற்றி, பனியைப் பற்றி. இது வந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? நான் யாழ்ப்பாணத்துக்காரி. எங்களுக்கு ஓம் என்றால் ஆமாம். சாப்பிட்டாயா என்றாலும் ஓம், செத்தவீட்டுக்குப் போனாயா என்றாலும் ஓம். கண் அந்த எழுத்துகளைக் கண்டவுடனே தலை தன்பாட்டில் ஆடிவிடும். ஓம், தீவு. ஓம், சிப்பி. ஓம், பனி. அந்த மாரிகாலம் முழுவதும் நான் சரித்திரம் படித்தது இப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிக்கொண்டு.

எண்பத்தாறாம் ஆண்டின் தொடக்கம் அது. டென்மார்க்கின் வடபகுதியை ஊடறுத்து லிம்ஃபியோர்ட் என்று ஒரு நீண்ட கடல்நீரேரி போகிறது. அதற்குள் கிடந்த சின்னத் தீவொன்றில் எங்கள் கல்லூரி இருந்தது. தீவின் பெயரை எழுதப்போவதில்லை, அங்கே இருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாலம் கிடையாது. கார்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஒரு படகு போய்வரும். யாழ்ப்பாணத்துக்கு அருகே தீவொன்றில் இருக்கிற எங்கள் ஊர்காவற்றுறையிலும் துறையைக் கடக்க இப்படி ஒன்று உண்டு. அதை யாரும் படகு என்று சொல்வதில்லை, பாதை என்பார்கள். பாதை வந்திட்டுது, பாதை போயிட்டுது. தண்ணீரில் போனாலும் பாதை பாதைதான். ஆகவே இந்தப் படகும் எனக்கு முதல் நாளே பாதையாகிவிட்டது.

அது பரீட்சை இல்லாத கல்லூரி. டேனிஷ்காரர்கள் வேலைக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போவதற்கு முன் சில மாதங்கள் இப்படியான இடங்களில் தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, காலையில் சேர்ந்து பாடி, பிடித்ததைப் படிக்கிறார்கள். பரீட்சை இல்லாவிட்டால் படித்தது எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அகதிகளாக வந்த எங்களில் சிலரை மொழி பழகட்டும் என்று அங்கே அனுப்புவார்கள். இக்காஸ்ட் என்ற பட்டணத்தில் இருந்த என் அண்ணை அதற்குச் சம்மதித்ததே பெரிய காரியம். என்னைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகும்போது அவர் சொன்னது நல்ல நினைவு.

"மொழியைப் படி. வேறை ஒண்டும் வேண்டாம். மொழி வந்தால் இங்கை ஃபக்டரியிலை வேலை கேக்கலாம்."

மொழியோடு நான் சரித்திரத்தையும் எடுத்தது அவருக்குத் தெரியாது. முற்பகலில் அந்தத் தீவினதும் சுற்றுத் தீவுகளினதும் கதை. பிற்பகலில் உலகத்தின் ஆதி நாகரிகங்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. ஊரில் ஏ.எல். பரீட்சைக்குச் சரித்திரம் எடுத்து நன்றாகச் செய்திருந்தேன். பல்கலைக்கழகம் போகவேண்டிய வருடத்தில் விமானம் ஏறினேன். ஏன் என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

முதல் நாள் வகுப்புக்குள் போனதும் எனக்குத் திகைப்பாயிருந்தது. பெட்டைகளும் பெடியன்களும் மடியில் கம்பளி நூல் உருண்டையை வைத்துக்கொண்டு பின்னிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் பேசுகிறார், இவர்கள் பின்னுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் படிப்பித்த கன்னியர்மடத்து சிஸ்டர் கண்டால் நூலோடு சேர்த்துப் பிள்ளையையும் வெளியே எறிந்திருப்பார். இக்காஸ்டில் எங்கள் சனம் பாதிப்பேர் பின்னல் ஆலைகளில்தான் வேலை. அங்கே பின்னினால் சம்பளம், இங்கே பின்னினால் சரித்திரம் என்று அண்ணைக்குச் சொல்லிச் சிரிக்கவேண்டும்போல இருந்தது.

ஆசிரியருக்கு முப்பது வயதுதான் இருக்கும். உயரம், பொன்னிறத் தாடி, எதையாவது எங்கேயாவது மறந்து வைத்துவிட்டுத் தேடுவதே அரைநாள் வேலை. முதல் வாரத்தில் ஒரு நாள் என்னைப் பார்த்து, கொடுத்த பக்கங்களை வாசித்துவிட்டாயா என்று கேட்டார். நான் "ஓம்" என்றேன். அவர் தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். வகுப்பு முழுக்கப் பின்னுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. கடைசியில் அவர் மெதுவாக "ஓம்...?" என்று இழுத்தார். டேனிஷில் ஓம் என்று தொடங்கினால் பின்னால் ஏதாவது வரவேண்டும். எதைப் பற்றி என்று வரவேண்டும், அல்லது வருவாரா மாட்டாரா என்பதுபோல ஒரு சந்தேகம் வரவேண்டும். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க, அவர் வசனத்தின் மிச்சத்துக்காகக் காத்திருந்திருக்கிறார். ஆமாம் என்பதற்கு 'யா' என்று சொல்லியிருக்கவேண்டும். எத்தனை தரம் திருத்தினாலும் எனக்கு ஓம்தான் முந்திக்கொண்டு வந்தது. அவரும் ஒவ்வொரு தரமும் பொறுமையாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பார்.

என் அறைத்தோழிக்கு வேறு விளக்கம் இருந்தது. மரச்சப்பாத்துப் போட்டுக்கொண்டு டக்டக்கென்று நடக்கிற, யோகாசனம் செய்கிற பெட்டை அவள். நான் கிழக்கிலிருந்து மந்திரம் கொண்டுவந்திருக்கிறேன் என்று நம்பிவிட்டாள். காலையில் கட்டிலில் சம்மணம் கட்டி, கண்ணை மூடி, மரியாதையாக "ஓம்" என்பாள். நான் போர்வைக்குள் இருந்து "என்ன ஓம்?" என்று தமிழில் கேட்பேன். நான் வேதக்காரி, என் தலையணைக்கு அடியில் செபமாலைதான் இருக்கிறது என்று காட்டிய பிறகும் அவளுக்கு அந்த நம்பிக்கை போகவில்லை.

தை மாதம் முடிவதற்குள் ஆசிரியர் எங்களைக் கரையோரத்து மேடொன்றுக்குக் கூட்டிப்போனார். கரும்பலகையில் அன்று 'ஓம், சிப்பி'. புல் மூடிய சாதாரண மேடு. ஒரு பக்கத்தைக் கடல் அரித்திருந்தது, அந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பி, அடுக்கடுக்காக. கற்காலத்துச் சனம் சாப்பிட்டுவிட்டு எறிந்த குப்பை என்றார். சமையலறைக் குப்பைமேடு என்ற அந்த டேனிஷ் சொல்லைத்தான் உலகத்துப் புதைபொருள் அறிஞர்கள் எல்லோரும் எடுத்துப் பாவிக்கிறார்களாம். அவருக்கு அதில் பெரிய பெருமை. எனக்கோ கோபம் வந்தது. நான் படித்த சரித்திரத்தில் அரசர்கள் இருந்தார்கள், போர் இருந்தது, பட்டாபிஷேகம் இருந்தது. இவர்கள் குளிரில் மூக்குச் சிந்திக்கொண்டு யாரோ தின்று எறிந்த சிப்பி ஓட்டைப் பார்க்கிறார்கள். ஆனால் ஓர் ஓட்டைக் கையில் எடுத்தபோது உள்பக்கம் இன்னும் வழவழவென்று மினுங்கியது. யாரோ ஒருத்தி இதை உறிஞ்சிக் குடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளோடு கதைத்துக்கொண்டே எறிந்திருப்பாள் என்று தோன்றியது. என்ன கதைத்திருப்பாள்? வாய்விட்டுச் சிரித்திருப்பாளா? நான் அந்த ஓட்டை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஆசிரியர் கண்டுவிட்டு, திரும்ப வைக்கச் சொன்னார். வைத்தேன்.

மொகஞ்சதாரோவின் நாள் வந்தபோது வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது, அந்தப் பெருங்குளத்தை நான்தான் கட்டினேன் என்பதுபோல. நானும் விடவில்லை. ஏ.எல். பரீட்சைக்குப் பாடமாக்கியது அப்படியே நாவில் இருந்தது. நேரான வீதிகள், மூடிய வாய்க்கால்கள், சுட்ட செங்கல், தானியக் களஞ்சியம், எழுத்து இன்னும் வாசிக்கப்படவில்லை. எனக்குத் தெரிந்த அத்தனை டேனிஷையும் கொட்டி ஒப்புவித்துவிட்டு உட்கார்ந்தேன். ஆசிரியர் நல்லது என்றார். பிறகு கேட்டார்.

"அங்கே என்ன மணம் இருந்திருக்கும்?"

எனக்கு எரிச்சலாய்ப் போயிற்று. ஏ.எல். குறிப்பில் மணம் இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் வகுப்பு முடிந்து தேநீர் குடிக்கும்போது கறுப்புப் பாண் ரொட்டியை மென்றபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பனிமூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகிவிட்டிருந்தன, அதற்குள் எதை வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம்போல இருந்தது. நனைந்த செங்கல்லின் மணம் முதலில் வந்தது. பிறகு சாணம், எள்ளெண்ணெய், வாய்க்காலோரத்தில் யாரோ தோய்த்துப் போட்ட துணி. ஒரு தெருவில் நடந்துபோகிறேன், ஒரு கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே யாரோ இருமுகிறார்கள். அறைத்தோழி தோளில் தட்டியபோது என் தேநீர் ஆறிப்போயிருந்தது.

அடுத்த நாள் சுமேரியர். ஆசிரியர் சப்பாத்தைக் கழற்றினார், சுண்ணக்கட்டியைத் தேடினார், சட்டைப்பையில் கண்டெடுத்தார், எழுதினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். கரும்பலகையில் 'ஓம் ஊர்' என்று இருந்தது.

ஊர் என்ற பழைய நகரத்தைப் பற்றி என்பதுதான் அதன் பொருள். எனக்கு அது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் கண் நிறைந்துவிட்டது. ஓம், ஊர். யாரோ என்னிடம் ஏதோ கேட்டு, நானே பதிலும் சொன்னதுபோல. வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்தல்ல. டேனிஷில் ஊர் என்றால் மணிக்கூடாம். அறைத்தோழி தன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினாள். உங்கள் மொழியில் ஏதும் பொருள் உண்டா என்று ஆசிரியர் கேட்டார். வீடு என்று சொல்லப் பார்த்தேன், சரியில்லை. கிராமம் என்று சொல்லப் பார்த்தேன், அதுவும் இல்லை. கடைசியில், புது ஆளைக் கண்டதும் நாங்கள் முதலில் கேட்கிற கேள்விக்குரிய பதில் என்றேன். அவர் அதை அப்படியே பலகையில் எழுதிவிட்டு, ஒலி ஒன்றாக இருந்தால் உறவு என்று ஆகிவிடாது என்று எச்சரித்தார். அது எனக்கும் தெரியும். சுமேரியர் தமிழர்தான் என்று அடித்துப் பேசுகிற மாமாமார் எங்களிடம் வேண்டியமட்டும் உண்டு. எனக்கு உறவு தேவைப்படவில்லை. அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதுமென்றிருந்தது.

அந்தக் கிழமைதான் சமையல் செய்கிற குசினிக்குப் பக்கத்து நடையில் இருந்த தொலைபேசிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணை.

"பிள்ளை, வேலை சரிவந்திட்டுது. தையல் பகுதியிலை. நான் கதைச்சுப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை காரோடை வாறன், பெட்டியைக் கட்டி வை."

"இன்னும் படிப்பு முடியேல்லையே அண்ணை."

"உனக்குத்தான் நல்லா வந்திட்டுதே மொழி. போனமுறை கடைக்காரியோடை என்ன கதை கதைச்சனி! ரெண்டு பேர் உழைச்சால் அம்மா ஆக்களையும் கெதியாக் கூப்பிடலாம். விளங்குதோ?"

"ஓம் அண்ணை" என்றேன். அவர் சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. அதுதான் எனக்கு அழுகையாய் வந்தது. பிழை இருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

அறைக்கு வந்து பெட்டியை இழுத்தேன். இரண்டு சட்டையை மடித்து வைத்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை கடல் நின்றுவிட்டது. அதற்கு முன்பே கரையோரம் உறைந்து வெள்ளையாகிக் கொண்டிருந்தது. வெள்ளி காலையில் எழுந்து பார்த்தால் அக்கரைவரைக்கும் ஒரே தரை. அலை இல்லை, சத்தம் இல்லை. பாதை துறையில் அப்படியே பிடிபட்டுக் கிடந்தது. நான் நடைக்கு ஓடிப்போய் அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, பாதை ஓடாது."

"என்ன பாதை?"

"ஃபெரி. கடல் உறைஞ்சு போச்சு."

"நல்ல நாட்டுக்குத்தான் வந்திருக்கிறம்" என்றார்.

பனி என்றால் டேனிஷ்காரர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை. பாதை ஓடத் தொடங்கும்வரை இடத்தை வைத்திருப்பதாக ஆலை மேற்பார்வையாளர் சொல்லிவிட்டாராம். ஆகவே என் படிப்பு பனியின் கையில் இருந்தது. இரவில் செபமாலையை எடுத்துக்கொண்டு, மாதாவே உருகவிடாதேயும் என்று மன்றாடினேன். தீவுச் சனம் பாலுக்கும் பாணுக்கும் பனிக்கு மேலால் இழுபட்டுக்கொண்டிருக்க, நான் ஒருத்தி குளிர் நீடிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மாதா கேட்டார். மாசி முழுக்க உறைந்தே கிடந்தது. பனிமேல் நடந்து வா என்று அண்ணை சொல்லவும் இல்லை, கடல்மேல் என்னை நடக்கவிட அவருக்குப் பயம்.

பனி நன்றாக இறுகியதும் ஆசிரியர் வகுப்பையே கடலுக்கு மேல் கூட்டிப்போனார். சறுக்காமல் நடக்கப் பழக எனக்கு அரைநாள் ஆயிற்று, அறைத்தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு வாத்து நடை நடந்தேன். பழைய காலத்தில் தபாலையும் ஆட்களையும் கொண்டுபோக அடியில் சறுக்குச் சட்டம் பூட்டிய படகுகள் இருந்தனவாம். பனி இருக்கும் இடத்தில் இழுத்துக்கொண்டு போவார்கள், தண்ணீர் வந்தால் ஏறித் துடுப்பு வலிப்பார்கள். நாங்கள் கரைக்கும் கரைக்கும் நடுவில் வந்து நின்றோம். எல்லாப் பக்கமும் வெள்ளை. காலுக்குக் கீழே எங்கேயோ ஆழத்தில் தண்ணீர் முனகுகிற சத்தம் கேட்டது. ஆசிரியர் திரும்பித் தீவைக் காட்டினார்.

"நடந்தே போய்வரலாம். இப்போது அது தீவா?"

ஒருவன் இல்லை என்றான். ஒருத்தி, பனி உருகும் என்பதால் தீவுதான் என்றாள். நான் கையை உயர்த்தினேன். எங்கள் தீவுக்கும் யாழ்ப்பாணப் பட்டணத்துக்கும் நடுவில் ஆழமில்லாத கடலில் தாம்போதி போட்டிருக்கிறார்கள், அதன்மேல் பஸ் போகிறது என்றேன். பஸ்ஸில் போய் இறங்கினாலும் பட்டணத்துப் பெட்டைகள் எங்களைத் தீவார் என்றுதான் சொல்வார்கள், மூக்கைச் சுருக்கிக்கொண்டு. ஆகவே தீவு தண்ணீரில் இல்லை, மற்றவர்களின் வாயில் இருக்கிறது என்றேன். டேனிஷில் இதைச் சொல்ல எனக்கு நிறைய நேரம் பிடித்தது, பாதியில் ஒரு தரம் சறுக்கியும் விழுந்தேன். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. முடித்தபோது ஆசிரியர் கையுறையைக் கழற்றிவிட்டுச் சட்டைப்பையில் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தார், நான் சொன்னதை எழுதிவைக்க.

பாடமாக்காத ஒன்றை நான் சொல்லி, அதை ஒருவர் எழுதிவைத்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அப்போதுதான் எனக்கு அந்த ஆசை வந்தது, வெட்கமில்லாமல் வந்தது. இதையே படிக்கவேண்டும். மொழிக்காக அல்ல, வேலைக்காக அல்ல. கடைசிவரை இதையே படித்துக்கொண்டிருக்கவேண்டும். அன்றைக்கு என்னிடம் யாரும் கேட்டிருந்தால் அந்தப் பனிமேல் நின்றே சத்தியம் பண்ணியிருப்பேன்.

பங்குனியில் ஒரு நாள் எல்லோரும் காலைப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க, துறையிலிருந்து பாதையின் சங்கு ஊதிக் கேட்டது. பியானோ நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள், சிலர் எழுந்து யன்னலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்தபடி இருந்தேன். அன்று மத்தியானமே அண்ணை எடுத்தார். வியாழக்கிழமை வாறன் என்றார்.

வியாழக்கிழமை எங்கள் சரித்திர வகுப்பின் கடைசி நாட்களில் ஒன்று. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றைப் பற்றி எழுந்து பேசவேண்டும், அன்று என் முறை. உன் அண்ணனும் வந்து கேட்கட்டும், கோப்பி கொடுப்போம் என்றார் ஆசிரியர். அண்ணை பூசைக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பின்வரிசைக் கதிரையில் நுனியில் உட்கார்ந்து, கோப்பிக் கோப்பையை முழங்காலில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பின்னிக்கொண்டிருந்த பெடியன் ஒருவனை வியப்போடு பார்த்தார். நான் கரும்பலகைக்குப் போனேன். என் தலைப்பை எழுதினேன்.

ஓம் ஊர்.

பக்கத்தில் நீலச் சுண்ணக்கட்டியால் இரண்டு ஆறுகளைக் கீறினேன். திரும்பியபோது அண்ணையின் கண் பலகையில் நின்றது. உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கிறார் என்று தெரிந்தது. டேனிஷாக அல்ல.

நான் மணத்திலிருந்து தொடங்கினேன். ஊரில் விடியற்காலையில் ஈரக்களிமண் மணக்கும் என்றேன். அடுப்பில் பேரீச்சமட்டை புகையும். துறையில் படகுகள் நிற்கும், கயிறு மணக்கும், காயப்போட்ட மீன் மணக்கும். ஊரில் பெண்கள் எழுந்து கதவைத் திறப்பார்கள் என்றேன். சொல்லிக்கொண்டு போகப்போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, இந்த மீன் எந்தத் துறையில் காய்கிறது என்று. புத்தகத்தில் இருந்தது கொஞ்சம். மிச்சம் என்னிடம் இருந்து போனது. அண்ணைக்கு அந்த டேனிஷ் பாதிகூட விளங்கியிருக்காது. ஊர், ஊர் என்று நான் சொன்ன இடங்களில் மட்டும் அவர் நிமிர்ந்தார். நான் முடிக்கும்போது கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வகுப்புக் கலைந்து எல்லோரும் நடைக்கு வந்தோம். என் பெட்டி கதவடியில் இருந்தது. ஆசிரியர் காலுறையோடு விரைந்து வந்தார்.

"வசந்தகால வகுப்பில் ஓர் இடம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஓல்போர்க் போய்ப் பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்யலாம். எழுதவேண்டியதை நான் எழுதுகிறேன். நிற்கிறாயா?"

மற்றப் பக்கத்தில் அண்ணை. "அடுத்த பாதையைப் பிடிக்கவேணும் பிள்ளை. இந்தப் பெட்டி மட்டும்தானே? வாறியோ?"

அவரும் பாதை என்றுதான் சொன்னார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் "ஓம்" என்றேன்.

யாருக்குச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணை குனிந்து பெட்டியைத் தூக்கினார். ஆசிரியர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு, "ஓம்...?" என்று இழுத்தார். வசனம் அந்த நடையின் நடுவில் பாதியில் நின்றது. அதை முடிக்கலாம் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

"...யை மோ பிளீவ" என்றேன். நான் நிற்கலாமா என்று.

"யா" என்றார் ஆசிரியர். முகம் முழுக்கச் சிரிப்பு. "யா, யா!"

அண்ணைக்கு டேனிஷில் எது தெரியாவிட்டாலும் யா தெரியும். நாள் முழுக்க ஆலையில் அவர் சொல்கிற சொல் அதுதானே. பெட்டியை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"நீ எனக்கெல்லோ ஓம் எண்டனி?"

"உங்களுக்குத்தான் அண்ணை சொல்ல வெளிக்கிட்டன். பாதியிலை அது டேனிஷாப் போச்சு."

அண்ணை ஆசிரியருக்குக் கை கொடுத்தார், மரியாதையாகக் கொடுத்தார், வெளியே இறங்கி நடந்தார். பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. நான் மேலங்கியும் போடாமல் பின்னால் ஓடினேன். துறைவரைக்கும் அவர் திரும்பவில்லை. அவர் விட்டுவந்த கார் பாதையில் ஏறுவதற்கு வரிசையில் நின்றது, தண்ணீரில் உடைந்த பனிக்கட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு போயின. காரில் பின்னிருக்கையைக் கண்டேன். என் பெட்டிக்காக எல்லாவற்றையும் ஒதுக்கி, ஒரு போர்வையும் விரித்து வைத்திருந்தார்.

"அண்ணை, நான் கதைச்சது எங்கடை ஊரைப் பற்றி இல்லை. அது வேறை ஊர். ஈராக்கிலை."

"எனக்கென்ன விசரே? ரெண்டு ஆறு கீறினாய். எங்கடை ஊரிலை ஆறு எங்கை கிடக்கு?"

"அப்ப ஏன் அழுதனீங்கள்?"

"ஆர் அழுதது? கோப்பி சூடு."

பாதையின் சங்கு ஊதியது. அவர் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார், பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"பின்னேர ஷிஃப்டுக்கும் ஆள் தேடுறாங்கள். அதையும் சேர்த்து நான் செய்யிறன். அம்மா ஆக்களைக் கூப்பிடுறது என்ரை பொறுப்பு. நீ படி."

"உண்மையாவோ அண்ணை?"

அவர் முன்னால் பார்த்துக்கொண்டே "ஓம்" என்றார். கார் பாதையில் ஏறியது.

அப்போதுதான் ஆசிரியர் மூச்சிரைக்க ஓடிவந்தார். கையில் அண்ணை மறந்துவிட்டுப் போன தொப்பி. காலில் இப்போதும் சப்பாத்து இல்லை, காலுறை இரண்டும் சேறு. பாதை கரையை விட்டுவிட்டது. அவர் தொப்பியைப் பிடித்தபடி என் பக்கத்தில் நின்று, அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு மிச்சத்துக்காகக் காத்து நின்றார்.